மணற்கரையில் பழைய ஜீப்: எஞ்சினின் வலுவைப் பெருக்குதல் பற்றிய ஓர் ஆராய்வு

சிலாபத்திலிருந்து வடக்கு நோக்கி உடப்பு, முந்தல், பாலாவி என நீண்டு, மேற்கே கற்பிட்டிக் குடாநாட்டின் முனைவரையும், வடக்கே எழுவன்குளத்தைக் கடந்து வில்பத்துக் காட்டின் கடலோரம் வரையும் பரந்து கிடப்பது புத்தளம் மாவட்டத்துக் கரையோரம். கடல், களப்பு, உப்பளம், தென்னந்தோப்பு, முட்காடு என்னும் இவை யாவற்றிற்கும் அடியில் விரிந்துள்ளது பெரும்பாலும் மணலே. நெய்தல் நிலத்தைப் பாடிய சங்கப் புலவர்கள் தலைவனது தேரின் சில்லு மணலிற் புதைவதைப் பலகாலும் கூறியுள்ளனர். தேர் போய் மோட்டார் வண்டி வந்த பின்னரும் மணல் தன் இயல்பை மாற்றிக்கொள்ளவில்லை. ஆதலால், இக்கரையிலே மீனும் பனிக்கட்டியும் தேங்காயும் ஏற்றுவோரும், வில்பத்துக் காட்டைப் பார்க்க வருவோரை அழைத்துச் செல்வோரும், நான்கு சில்லுகளும் ஒருங்கே இயங்கும் ஜீப் வகை வண்டிகளை இன்றும் பெரிதும் நாடுகின்றனர்.

அவ்வண்டிகளுள் பல மிகப் பழையவை. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவில் ஆறு இலட்சத்திற்கு மேல் செய்யப்பட்ட வில்லிஸ் ஜீப்பின் வழிவந்தவை சில. 1948ஆம் ஆண்டு ஏப்ரிலில் அம்ஸ்ரர்டாம் கண்காட்சியில் முதன்முதற் காட்டப்பட்ட லாண்ட் றோவர் இனத்தைச் சேர்ந்தவை சில. வில்லிஸ் உரிமத்தின்கீழ் ஜப்பானில் மிற்சுபிசி நிறுவனம் 1953 முதல் 1998 வரை செய்த ஜீப்புகள் வேறு சில. 2020ஆம் ஆண்டு மார்ச்சில் இலங்கைக்கு வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது 2025ஆம் ஆண்டு பெப்ரவரியிலேயாம். இடைப்பட்ட காலத்தில் பழைய வண்டியைக் காப்பாற்றி ஓட்டுதல் விருப்பம் என்ற நிலை மாறிப் பிழைப்பாயிற்று. அப்பிழைப்பிலே இடையறாது எழும் வினா ஒன்றுண்டு: 'இவ்வண்டியின் எஞ்சின் போதவில்லை; இதனை எவ்வாறு வலுப்படுத்துவது?'

இவ்வினாவிற்கு விடை கூறுமுன் அதனுள் அடங்கிய மற்றொரு வினாவை எழுப்புதல் வேண்டும். எஞ்சின் தரும் வலுவை நிலம் ஏற்குமா? வண்டியின் ஏனைய உறுப்புகள் தாங்குமா? இவற்றை ஆராயாது எஞ்சினை மட்டும் மாற்றியவர் பலர், பணத்தையும் இழந்து வண்டியையும் மணலிலே விட்டு நின்றனர். அந்நிலை நேராதிருக்கும் வழியை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

வலுவும் முறுக்கமும்

எஞ்சின் பற்றிப் பேசுவோர் 'பரிவலு' என்னும் ஒரே எண்ணைக் கூறி நிறுத்திவிடுவது வழக்கம். ஆயினும் அறிய வேண்டியவை இரண்டு. ஒன்று முறுக்கம், மற்றையது வலு. கிணற்றுத் துலாவை அல்லது செக்கை நினைத்துப் பார்ப்பின் வேறுபாடு விளங்கும். செக்கின் தண்டை ஒரு மாடு எவ்வளவு விசையுடன் தள்ளித் திருப்புகின்றது என்பது முறுக்கம். அவ்விசையுடன் ஒரு நாழிகையில் எத்தனை சுற்றுச் சுற்றுகின்றது என்பதையும் சேர்த்துக் கணிப்பது வலு. மெல்லச் சுற்றும் பெருமாடும் விரைந்து சுற்றும் சிறுமாடும் ஒரே வலுவைத் தருதல் கூடும். ஆயின் செக்கில் எள் கெட்டியாகி இறுகும்போது நின்றுவிடாது திருப்புவது பெருமாடேயாம்.

எஞ்சினிலும் இவ்வாறே. 1961ஆம் ஆண்டு முதல் லாண்ட் றோவரிற் பொருத்தப்பட்ட 2,286 கனசதமமீற்றர் டீசல் எஞ்சினை எடுத்துக்கொள்வோம். அதன் உச்ச வலு நிமிடத்திற்கு 4,000 சுற்றில் 62 பரிவலு. அஃதாவது ஏறத்தாழ 46 கிலோவாற்று. அதன் உச்ச முறுக்கமோ நிமிடத்திற்கு 1,800 சுற்றிலேயே கிட்டுகின்றது. அளவு ஏறத்தாழ 140 நியூட்டன் மீற்றர். அவ்விடத்தில் அது தரும் வலு 35 பரிவலு மட்டுமே. ஆகவே, '62 பரிவலு எஞ்சின்' என நாம் அழைப்பது, மணலில் மெல்ல ஊர்ந்து செல்லுங்கால் அதன் பாதியளவு வலுவுடனேயே தொழில் செய்கின்றது.

மணல் ஏற்கும் அளவு

இனிக் கணக்கிற்கு வருவோம். எஞ்சினின் முறுக்கம் நேரே சில்லை அடைவதில்லை. கியர்ப் பெட்டியும், தாழ்நிலைக்கும் உயர்நிலைக்கும் மாற்றும் துணைப் பெட்டியும், அச்சின் நடுவே உள்ள பற்சில்லுகளும் அதனைப் பலமடங்காக்கிக் கொடுக்கின்றன. 1971ஆம் ஆண்டு வெளிவந்த மூன்றாம் தொடர் லாண்ட் றோவரில் முதற் கியரின் விகிதம் 3.68, துணைப் பெட்டியின் தாழ்நிலை 2.35; அச்சின் விகிதம் 4.7. மூன்றையும் பெருக்கின் ஏறத்தாழ 40.6 வரும். 140 நியூட்டன் மீற்றர் முறுக்கம் அச்சில் 5,690 ஆகின்றது. பற்சில்லுகளிலும் எண்ணெயிலும் ஐந்திலொரு பங்கு இழக்கப்படுவதாகக் கொண்டு, சில்லின் ஆரையை 37 சதமமீற்றர் எனக் கொள்ளின், நான்கு சில்லுகளும் நிலத்தைத் தள்ளும் விசை ஏறத்தாழ 12,000 நியூட்டன் ஆகும்.

இவ்விசையை நிலம் ஏற்கின்றதா? சுமையுடன் வண்டி 1,900 கிலோகிராம் என்று கொள்வோமாயின், அதன் நிறை ஏறத்தாழ 18,600 நியூட்டன். தார் வீதியில் சில்லின் பிடிமானம் இந்நிறையில் முக்காற் பங்கையும் விஞ்சுதல் கூடும். தளர்ந்த மணலிலோ அது மூன்றிலொரு பங்களவிலேயே நின்றுவிடும். கணக்கின் பொருட்டு அதனை 0.35 எனக் கொண்டால், மணல் ஏற்கக்கூடிய உச்ச விசை 6,500 நியூட்டன் மாத்திரமே. பழைய எஞ்சின் கொடுப்பது 12,000. மணல் வாங்குவது 6,500. எஞ்சியது எங்கே செல்லும்? சில்லைச் சுழற்றி மணலைத் தோண்டுவதிற் செல்லும். இந்நிலையில் இன்னும் நூறு பரிவலுவைச் சேர்த்தால் விளையும் பயன் யாது? குழி விரைவாகத் தோண்டப்படும், வேறில்லை.

உடப்பிலே கரைவலை இழுப்போரைப் பார்த்தவர்க்கு இது புதுமையன்று. கயிற்றைப் பற்றியவர் எத்துணை வல்லவராயினும் குதிகால் மணலிற் பிடிக்காவிடின் வலை அசையாது. அதனாலன்றோ அவர்கள் காலை ஊன்றி, உடலைச் சாய்த்து, அம்பாப் பாட்டின் தாளத்திற்கு இசைந்து, பலராக ஒரே கணத்தில் இழுக்கின்றனர். தோளின் வலிமையைக் காலின் பிடிமானமே பயனாக்குகின்றது.

இதே உண்மைக்குப் புத்தளத்திலேயே வரலாற்றுச் சான்று ஒன்றும் உண்டு. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பிரித்தானியக் கடற்படையின் விமானப் பிரிவுக்கு இங்கு ஒரு நிலையம் இருந்தது. அந்நிலையத்திலே போர் விமானங்களை இழுத்து நகர்த்துதற்கு யானைகளைப் பயன்படுத்தினர். அக்காட்சியின் ஒளிப்படங்கள் இன்றும் உள்ளன. பொறிகள் மலிந்த படையணி யானையை நாடியது வியப்பாகத் தோன்றலாம். ஆயின் யானையின் காலடியைக் கண்டவர்க்கு வியப்பில்லை. அகன்ற அடி நிறையைப் பரப்பி வைக்கின்றது. சேற்றிலும் மணலிலும் ஆழப் புதையாது ஊன்றுகின்றது.

வலு உண்மையில் வேண்டப்படுவது எங்கே?

அவ்வாறாயின் எஞ்சினின் வலுவைப் பெருக்குதல் வீண் என்பதா? அன்று. வலு வேண்டப்படும் இடம் வேறு. வண்டியை மணலில் அசைக்க வேண்டுவது விசை. அசைந்த வண்டியைத் தொய்யாது விரைவுடன் கொண்டு செல்ல வேண்டுவதே வலு.

மணலில் உருளும் சில்லுக்கு எதிராக மணல் ஓயாது தடை செய்கின்றது. முன்னே குவியும் மணலைச் சில்லு இடைவிடாது ஏறிக்கொண்டிருக்க வேண்டும். அத்தடை வண்டியின் நிறையில் ஐந்திலொரு பங்கு எனக் கொண்டால் 3,720 நியூட்டன் ஆகும். மணிக்கு 20 கிலோமீற்றர் விரைவில் இத்தடையை வெல்ல, இடைவழி இழப்பையும் சேர்த்து, எஞ்சின் 35 பரிவலு கொடுத்தாற் போதும். பழைய டீசல் எஞ்சின் அதனைத் தரும். மணிக்கு 40 கிலோமீற்றரில் வேண்டப்படுவது 70 பரிவலு. அது 62 பரிவலு எஞ்சினால் இயலாதது. சுமையேற்றிய பழைய ஜீப் நீண்ட மணற்றடத்தில் மெல்ல மெல்லத் தளர்ந்து, கியர் கியராக இறங்கி, ஈற்றில் நின்றுவிடுதற்குக் காரணம் இதுவே. இங்குதான் உரிமையாளர் 'எஞ்சின் போதவில்லை' என்கின்றார். அவர் கூற்றிலே உண்மையும் உண்டு.

ஆயினும் அதே தடையை மறுபுறத்திலிருந்தும் வெல்லலாம். சில்லின் காற்றழுத்தம் 30 இறாத்தலாக இருக்குங்கால், 475 கிலோகிராம் சுமக்கும் ஒரு சில்லு நிலத்தைத் தொடும் பரப்பு ஏறத்தாழ 225 சதுர சதமமீற்றர். அழுத்தத்தை 15 இறாத்தலாக இறக்கினால் அப்பரப்பு இருமடங்கை அண்மிக்கும். சில்லு புதையும் ஆழம் குறைகின்றது, முன்னே குவியும் மணல் குறைகின்றது, பிடிமானமும் கூடுகின்றது. இதனால் மணலின் தடை பாதியாகக் குறையுமாயின், மணிக்கு 40 கிலோமீற்றருக்கு வேண்டிய 70 பரிவலு 35 பரிவலுவாகிவிடும். ஒரு சதமேனும் செலவின்றி எஞ்சினை இரட்டிப்பாக்கியதற்கு இஃது ஒப்பாகும். தடை முற்றாகப் பாதியாகாவிடினும், பெரும்பொருள் செலவிட்டு எஞ்சினிற் பெறக்கூடிய நன்மையை நான்கு சில்லுகளின் காற்றுவாயில்களிற் பெறலாம் என்பது தெளிவு.

இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. மணலைக் கடந்து புத்தளம் கொழும்பு வீதியை அடைந்ததும் மீண்டும் காற்றடித்தல் இன்றியமையாதது. காற்றுக் குறைந்த சில்லு தார் வீதியில் விரைந்து ஓடுங்கால் பக்கச் சுவர் வளைந்து வளைந்து சூடேறிக் கிழியும். ஆகவே மணலில் ஓடும் வண்டிக்குக் காற்றழுத்தமானியும் காற்றடிக்கும் கருவியும் ஆடம்பரமல்ல. எஞ்சினைப் போலவே தேவையான உறுப்புகளாம். அவ்வாறே, பழைய லாண்ட் றோவரின் முன் பின் அச்சுகளுக்கிடையே வேறுபாட்டுப் பற்சில்லு இல்லையாதலால், நாற்சில்லு இயக்கத்தை மணலிற் பூட்டித் தார் வீதியில் விடுவித்துவிட வேண்டும்.

இழந்த வலுவை மீட்டல்

பழைய எஞ்சினைப் பற்றி எண்ணுங்கால், அது பிறந்தபோது இருந்த வலுவை இன்று தருகின்றதா என்பதை முதலிற் சோதித்தறிதல் வேண்டும். அரை நூற்றாண்டு ஓடிய எஞ்சின் அதன் ஏட்டளவிலிருந்து வெகுதூரம் இறங்கியிருக்கும். இல்லாத வலுவைத் தேடுமுன் இழந்த வலுவை மீட்பதே முறை.

அதற்கு வழி ஐந்தாகக் கூறலாம். முதலாவது, உருளைகளின் அமுக்கத்தை அளத்தல். நான்கு உருளைகளும் தம்முள் ஒத்திருக்கின்றனவா என்று பார்த்தால், வளையங்களும் வால்வுகளும் எந்நிலையில் உள்ளன என்பது வெளிப்படும். இரண்டாவது, வால்வு இடைவெளியையும், பெற்றோல் எஞ்சினாயின் தீப்பொறியின் நேரத்தையும், டீசலாயின் எரிபொருட் பம்பியின் நேரத்தையும் சீர்செய்தல். மூன்றாவது, டீசல் சீறும் இன்ஜெக்டர்களைச் சோதித்தல்; தூவலாக வரவேண்டிய எண்ணெய் துளியாக வடியுமாயின் கரும்புகை எழும், வலு குறையும். நான்காவது, காற்றுவடி. கற்பிட்டித் தடங்களில் எழும் நுண்மணல் வடியை அடைத்துவிடும். வடி பழுதாயின் மணல் உட்புகுந்து உருளையைத் தேய்க்கும். ஐந்தாவது, புகைபோக்கி நெளிந்தோ அடைபட்டோ இருத்தலாகாது.

இவற்றோடு வெப்பமும் கருதத்தக்கது. எஞ்சின் உண்பது காற்று. சூடேறிய காற்று அடர்த்தி குறைந்தது. எஞ்சின் மூடியின் கீழிருந்து 55 பாகை செல்சியஸ் காற்றை உறிஞ்சும் எஞ்சின், வெளியிலிருந்து 28 பாகைக் காற்றை உறிஞ்சும் எஞ்சினிலும் ஏறத்தாழ நூற்றுக்கு எட்டுப் பங்கு குறைவான காற்றையே பெறுகின்றது. காற்றுக் குழாயின் வாயை வெப்பமற்ற இடத்திற்கு மாற்றுதல் எளிய வேலை. அதனை உயரத் தூக்கி வைப்பின், கலா ஓயா பெருகி எழுவன்குளச் சப்பாத்துப் பாலத்தின் மேலாக நீர் பாயும் மாரிக்காலத்திலும் காப்பாக இருக்கும். எனினும் பாயும் வெள்ளத்திற் பாலத்தைக் கடப்பதற்கு எவ்வகைக் குழாயும் எவ்வளவு வலுவும் உரிமம் ஆகாது; வண்டியை அடித்துச் செல்வது நீரின் ஆழத்திலும் அதன் வேகமே.

பெற்றோல் பற்றிய ஒரு தப்பெண்ணத்தையும் ஈண்டு நீக்குதல் நன்று. இலங்கையில் 92, 95 என்னும் ஒக்ரேன் தரங்களிற் பெற்றோல் விற்கப்படுகின்றது. விலை கூடிய 95ஐ ஊற்றினால் பழைய ஜீப் வலுப்பெறும் எனச் சிலர் கருதுகின்றனர். ஒக்ரேன் எண் என்பது எரிபொருள் அமுக்கத்தின்கீழ்த் தானே வெடிக்காது பொறுக்கும் தன்மையின் அளவேயன்றி, அதனுள் அடங்கிய சக்தியின் அளவன்று. போர்க்கால வில்லிஸ் எஞ்சினின் அமுக்க விகிதம் 6.48; அதற்கு 92 தானே தேவைக்கு மேற்பட்டது.

வலுவைப் புதிதாகச் சேர்த்தல்

மீட்க வேண்டியதை மீட்ட பின்னரும் போதாதாயின், சேர்க்கும் வழிகளை நோக்கலாம். பெற்றோல் எஞ்சினில் அமுக்க விகிதத்தை உயர்த்துதல் ஒரு வழி. லாண்ட் றோவரின் 2,286 கனசதமமீற்றர் பெற்றோல் எஞ்சினுக்கு 7, 8 என்னும் இரு விகிதங்களில் உருளைத் தலைகள் தொழிற்சாலையிலிருந்தே வந்தன. ஆகவே இன்று கிடைக்கும் பெற்றோலுக்கு இசைய உயர்விகிதத் தலையைப் பொருத்துதல் தயாரிப்பாளர் வகுத்த எல்லைக்குள் அடங்கியதே.

டீசலுக்குரிய வழி ரேபோ எனப்படும் காற்றூட்டி. வெளியேறும் புகையின் வேகத்தால் ஒரு விசிறி சுழன்று, மறுபக்கத்து விசிறியால் காற்றை அமுக்கி உருளைக்குட் செலுத்துகின்றது. காற்று மிகுந்தால் கூடுதலான எண்ணெயை எரிக்கலாம்; வலு பெருகும். இங்கே தயாரிப்பாளரின் அனுபவம் நமக்குப் பாடமாகும். லாண்ட் றோவர் நிறுவனம் 1980இல் தன் 2,286 எஞ்சினின் சுழல்தண்டுக்கு மூன்றாக இருந்த தாங்கிகளை ஐந்தாக்கிற்று. 1983இல் ஐந்து கியர்ப் பெட்டியும் முன்சில்லுகளுக்குத் தட்டுத் தடுப்பும் கொண்ட புதிய வண்டியை வெளியிட்டது. 1984இல் எஞ்சினை 2,495 கனசதமமீற்றராகப் பெருப்பித்தது. வலு 70 பரிவலுவிற்குச் சற்றுக் குறைவு. 1986இல் அதற்கே காற்றூட்டி சேர்த்து 85 பரிவலு பெற்றது. எனினும் அவ்வெஞ்சின் வெப்பத்தாற் பிஸ்டன் வெடித்தல் போன்ற குறைகளுக்குப் பெயர்பெற்றது. அதன் பின்னரே, எரிமுறையையும் உருளைத் தலையையும் புதிதாக வகுத்து, அதே 2,495 கொள்ளளவில் 107 பரிவலு தந்த எஞ்சினை 1990இல் இவ்வின வண்டியிற் பொருத்தியது.

இவ்வரலாற்றைக் கூர்ந்து நோக்குக. தாங்கிகள், கியர்ப் பெட்டி, தடுப்பு ஆகியவை முதலிற் பலப்பட்டன. வலு பின்னரே வந்தது. ஆராய்ச்சிக்கூடமும் பொறியியலாளரும் உடைய நிறுவனமே காற்றூட்டியால் இடர்ப்பட்டதென்றால், மூன்று தாங்கி கொண்ட பழைய எஞ்சினுக்கு வேறொரு வண்டியின் காற்றூட்டியை மாட்டி, எண்ணெய்ப் பம்பியின் திருகை முறுக்கிவிடும் முறை எங்கே கொண்டு விடும் என்பதை வாசகர் ஊகிக்கலாம்.

எஞ்சினையே மாற்றுதல்

இலங்கையிற் பெரிதும் கைக்கொள்ளப்படும் வழி ஜப்பானிய டீசல் எஞ்சின் ஒன்றைப் பொருத்துதல். தொயோட்டாவின் 2எல் (2,446 கனசதமமீற்றர்), மிற்சுபிசியின் 4டி56 (2,477), நிசானின் ரிடி27 (2,663), இசுசுவின் 4ஜேபி1 (2,771) முதலியன இத்தகையவை. வான், பாரவண்டி ஆகியவற்றில் வந்தமையால் இவற்றின் உதிரிப்பாகங்கள் எங்கும் கிடைக்கின்றன. பழுதுபார்க்கும் கையும் ஊர்தோறும் உண்டு. எரிபொருட் சிக்கனம் மற்றொரு நன்மை. 2022ஆம் ஆண்டு எரிபொருள் பங்கிட்டு வழங்கப்பட்ட நாட்களில், கூடுதலாகக் குடிக்கும் பழைய பெற்றோல் ஜீப்பை வைத்துத் தொழில் செய்தோர் பட்ட இன்னல் எளிதில் மறக்கத்தக்கதன்று.

எஞ்சினைத் தெரிவுசெய்யும்போது உச்சப் பரிவலுவைப் பார்ப்பதிலும், முறுக்கம் எந்தச் சுற்றிற் கிட்டுகின்றது என்பதைப் பார்ப்பதே முக்கியம். மணற்றடத்தில் வேண்டியது 1,500 முதல் 2,500 சுற்றுக்குள் நிலைத்து நிற்கும் முறுக்கம். விரைந்து சுழன்றாலன்றி உயிர்பெறாத எஞ்சின், மணலிற் கிளச்சை எரித்துவிடும். பொருத்துங்கால் கவனிக்க வேண்டியவை பல. எஞ்சினையும் பழைய கியர்ப் பெட்டியையும் இணைக்கும் தட்டு மையம் பிசகாது கடையப்படல் வேண்டும். மயிரிழை பிசகினும் தாங்கிகள் தேயும். எஞ்சினின் அடிப்பகுதியிலுள்ள எண்ணெய்த் தொட்டி முன் அச்சின் மேல் முட்டாதிருத்தல் வேண்டும்; வில்லுகள் தாழும்போதுதான் இம்மோதல் தெரியவரும். பாரமான எஞ்சின் முன்சில்லுகளை மணலுள் அமிழ்த்தும் என்பதையும் மறத்தலாகாது.

வலு செல்லும் வழி

எஞ்சினிற் பிறந்த வலு கிளச், கியர்ப் பெட்டி, துணைப் பெட்டி, சுழல்தண்டு, அச்சுத்தண்டு வழியாகவே சில்லை அடைகின்றது. சங்கிலியின் வலிமை அதன் மெலிந்த வளையத்தின் வலிமையே. பழைய லாண்ட் றோவரில் மெலிந்த வளையம் பின் அச்சுத்தண்டு; அது முறியும் இயல்பினது என்பது அவ்வண்டியை ஓட்டியோர் அனைவரும் அறிந்தது. 140 நியூட்டன் மீற்றர் எஞ்சின் தாழ்நிலை முதற் கியரில் அச்சுக்குக் கொடுப்பது 5,690. 255 நியூட்டன் மீற்றர் தரும் எஞ்சின் கொடுப்பது 10,000இற்கும் மேல். மணலிற் சுழன்றுகொண்டிருக்கும் சில்லு திடீரென ஒரு வேரையோ கல்லையோ பற்றும் கணத்தில் இம்முழு முறுக்கமும் ஒரு தண்டில் விழும். ஆகவே வலுப்பெற்ற வண்டியை ஓட்டுபவரின் காலே முதற் பாதுகாப்பு. உறுதியான அச்சுத்தண்டு அடுத்தது.

அடுத்துக் குளிராக்கல். எரிபொருளின் சக்தியில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கே வேலையாகின்றது. எஞ்சியது நீரிலும் புகையிலும் வெப்பமாகக் கழிகின்றது. வலு கூடினால் வெப்பமும் கூடும். மணலில் வண்டி மெல்லச் செல்வதால் எதிர்க்காற்றும் இல்லை. புத்தளத்தின் வறண்ட மாதங்களில், பழைய றேடியேற்றருடன் பெரிய எஞ்சின் நெடுநேரம் உழைத்தல் இயலாது.

தடுப்பு யாவற்றினும் முதன்மையானது. ஓடும் வண்டியின் சக்தி வேகத்தின் வர்க்கத்தோடு பெருகுகின்றது. மணிக்கு 60 கிலோமீற்றரில் ஓடிய வண்டி 90இல் ஓடின், அதனை நிறுத்துதற்கு உறிஞ்ச வேண்டிய சக்தி இரண்டேகால் மடங்கு. பழைய வண்டியின் நான்கு சில்லுகளிலும் உள்ளவை உருளைத் தடுப்புகள். அவை வெப்பத்தாலும் நீராலும் தளர்வன. சிலாபம் நெடுஞ்சாலையில் பாடசாலைப் பிள்ளைகள் கடக்கும் இடத்தில், புது எஞ்சின் தந்த வேகத்தைப் பழைய தடுப்பு அடக்க மாட்டாவிடின், அதன் விலையை உரிமையாளர் மட்டும் கொடுக்கப்போவதில்லை.

இறுதியாக அடிச்சட்டம். லாண்ட் றோவரின் மேனி அலுமினியக் கலப்பு, துரு பிடியாது. அடிச்சட்டமோ உருக்கு. உப்புக்காற்று வீசும் கரையில் அது உள்ளிருந்தே அரிக்கப்படும். வெளியில் மினுங்கும் வண்ணம் அதனை மறைக்கும். எஞ்சினைத் தாங்கும் இடங்களைச் சுத்தியலால் தட்டிப் பார்த்து, உளுத்த பகுதியை வெட்டிப் புதிதாக ஒட்டிய பின்னரே பாரமான எஞ்சினை ஏற்றல் வேண்டும். கடற்கரையில் ஓடிய நாளெல்லாம் அடிப்பாகத்தை நன்னீரால் கழுவுதல் நல்வழக்கம்.

சட்டத்தையும் ஒரு சொல்லிற் குறிப்பிடுவோம். இலங்கையில் வாகனப் பதிவுச் சான்றிதழில் எஞ்சின் இலக்கம் பொறிக்கப்பட்டுள்ளது. எஞ்சினை மாற்றியவர் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் அதனை முறைப்படி பதிவித்தல் வேண்டும்; காப்புறுதி நிறுவனத்திற்கும் அறிவித்தல் வேண்டும். இது செய்யாவிடின் விபத்து நேர்ந்த நாளில் ஆவணம் கைகொடாது. 2008 முதல் நடைமுறையிலுள்ள புகைப் பரிசோதனையிலும் வண்டி தேற வேண்டும்.

முடிவுரை

கூறியவற்றைத் தொகுத்து நோக்கின், செய்யத்தக்க வரிசை புலனாகும். முதலில் சில்லும் காற்றழுத்தமும்; இரண்டாவது தடுப்பும் அடிச்சட்டமும்; மூன்றாவது பழைய எஞ்சினின் இழந்த வலுவை மீட்டல்; நான்காவது குளிராக்கலும் அச்சும்; இவையாவும் நிறைவெய்திய பின்னரும் தொழிலுக்குப் போதாதாயின் மட்டுமே புதிய எஞ்சின். இவ்வரிசையில் முதல் மூன்றோடு மனநிறைவு பெறுவோர் பலராயிருப்பர். எஞ்சினுக்கென்று கடன்பட எண்ணியிருந்த பணம் அவர்கள் கையிலேயே நிற்கும். அதே வரிசையைத் தலைகீழாக்கினால், புது எஞ்சின் முறித்த அச்சை மாற்றவும், கொதித்த றேடியேற்றரை மாற்றவும் மீண்டும் மீண்டும் செலவு வந்துகொண்டேயிருக்கும்.

திருவள்ளுவர் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தார். மென்மையான மயிற்பீலியும் அளவு மீறி ஏற்றினால் அச்சை முறிக்கும் என்ற உவமை முதல் அதிகாரத்தில் வருகின்றது. நிலத்தில் விரைந்தோடும் பெருந்தேர் கடலில் ஓடாது என்ற உவமை மூன்றாம் அதிகாரத்தில் வருகின்றது. அரசர்க்கென அவர் சொன்ன இவ்விரண்டும் புத்தளத்து மணற்கரையில் ஜீப் ஓட்டும் தொழிலாளிக்கும் பொருந்துகின்றன. வண்டியின் வலியறிந்து, மணலின் இயல்பறிந்து, மாரியும் கோடையும் அறிந்து செய்யும் மாற்றமே நெடுநாள் நின்று பயன் தரும்.